பஞ்சும் நெருப்பும்: இமாம் கஸ்ஸாலி காரண காரியத்தை மறுத்தாரா?

கேள்வி
எழுதியவர்: வினாத்தேடி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் மாதந்தோறும் கூடும் வாசகர் வட்டத்தில் இம்முறை இடைக்கால அரபு உலகின் அறிவியல் குறித்துப் பேச்சு நடந்தது. பேசிய நண்பர், அங்கே செழித்திருந்த மருத்துவமும் வானியலும் பிற்காலத்தில் மங்கிப்போனதற்கு ஒரே ஒருவரைப் பொறுப்பாக்கினார். அவர் இமாம் கஸ்ஸாலி (1058–1111). ‘பஞ்சு எரிவது நெருப்பினால் அல்ல; நெருப்பு அதன்மேல் படும் கணத்தில் இறைவன் எரிதலைப் படைக்கிறான் என்று கஸ்ஸாலி எழுதினார். அதை ஒரு சமூகம் நம்பிவிட்டால் காரணத்தைத் தேடி யாரும் ஏன் மெனக்கெட வேண்டும்? அந்த ஒரு நூலோடு முஸ்லிம் உலகில் தத்துவமும் அறிவியலும் முடிந்துபோயின’ என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

நான் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவன். அரபு மொழியோ கலாம் என்னும் இறையியலோ படித்தவனல்லன். இருந்தாலும் இவ்வளவு பெரிய விளைவை ஒரு பக்க வாதத்தின் தலையில் கட்டுவது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. ஆகவே மூலத்தைப் படித்தவர்களிடம் கேட்கிறேன். கஸ்ஸாலி உண்மையில் என்ன சொன்னார்? நெருப்பு எரிக்காது என்று நம்பியவர் மருந்து உண்ணலாம், விதை விதைக்கலாம் என்பதை எப்படி ஏற்றார்? பிற்காலத் தத்துவ ஞானி இப்னு ருஷ்து இதற்கு மறுப்பு எழுதினார் என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த மறுப்பு நின்றதா, நிற்கவில்லையா?

பதில்
எழுதியவர்: ஏட்டடுக்கு

ஐயா, உங்கள் உறுத்தல் சரியானதே. ஆனால் நண்பர் சொன்ன வரி பொய்யன்று என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த வரி இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் இருப்பவற்றைத்தான் அவர் விட்டுவிட்டார்.

பஞ்சும் நெருப்பும் வருவது ‘தஹாஃபுத் அல்-ஃபலாஸிஃபா’ என்னும் நூலில். இந்தத் தலைப்பைத் தமிழில் எப்படித் தருவது என்று எனக்கு இன்றுவரை தெளிந்தபாடில்லை. ‘தத்துவ ஞானிகளின் தடுமாற்றம்’ என்று சொல்லலாம். ஆனால் விட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக விளக்கில் போய் விழுவதற்கும் அரபியில் இந்தச் சொல்தான். பாக்தாதின் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் அவர் தலைமை ஆசிரியராக இருந்த காலத்தில், 1095இன் தொடக்கத்தில், அந்நூல் முடிந்தது. இருபது விவாதங்கள் கொண்ட அதில் முதல் பதினாறும் இறைவன், உலகின் தோற்றம், வான்கோளங்கள் ஆகியவை பற்றியவை. பதினேழாவதில்தான் இயற்கைப் பொருள்களுக்கு வருகிறார்.

அவர் ஏன் அங்கே வருகிறார் என்பது முக்கியம். இப்ராஹீம் நபி நெருப்பில் எறியப்பட்டும் எரியாமல் மீண்டார் என்று குர்ஆன் கூறுகிறது. நெருப்பு இருந்தால் எரித்தே தீரும், அதன் இயல்பு வேறு எதற்கும் இடம் கொடாது என்று தத்துவ ஞானிகள் கொண்டால், அந்த அற்புதம் நடந்திருக்கவே முடியாததாகிவிடும். ஆகவே அவர் உடைக்க முயல்வது ‘தீரும்’ என்ற அந்த உறுதியை மட்டுமே. பஞ்சு எரிவதை நாம் காண்கிறோம். நெருப்புப் பட்ட இடத்தில், பட்ட நேரத்தில் எரிகிறது என்பதற்குக் கண் சாட்சி. ஆனால் நெருப்பினாலேயே எரிகிறது என்பதைக் கண் காண்பதில்லை. ‘அதனிடத்தே நிகழ்கிறது’ என்பதற்கும் ‘அதனால் நிகழ்கிறது’ என்பதற்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டின்மேல்தான் அவருடைய வாதம் முழுவதும் நிற்கிறது.

இதற்கு அவர் தரும் உவமை அழகானது. பிறவியிலேயே கண்ணில் திரை மறைத்த ஒருவனுக்குப் பகல் நேரத்தில் திடீரென்று திரை விலகுகிறது; நிறங்களைப் பார்க்கிறான். தன் கண் திறந்ததே நிறங்களைக் காண்பதற்கு முழுக் காரணம் என்று எண்ணிக்கொள்கிறான். பொழுது சாய்ந்து இருட்டிய பிறகுதான், நிறங்களைக் காட்டியது சூரிய ஒளி என்று அவனுக்குப் புரிகிறது. நாம் கண்ட காரணங்களுக்குப் பின்னால் நம் பார்வைக்கு ஒருபோதும் மறையாத, அதனாலேயே நாம் கவனிக்காத ஒரு சூரியன் இருக்கக்கூடாதா என்று கேட்கிறார்.

அடுத்து வருவதைத்தான் பலர் படிப்பதில்லை. எதிராளி கேட்கக்கூடிய கேள்வியைத் தாமே கேட்டுக்கொள்கிறார்: அப்படியென்றால் வீட்டில் வைத்துவிட்டு வந்த புத்தகம் இந்நேரம் ஒரு சிறுவனாக மாறியிருக்கலாமே, சாம்பல் கஸ்தூரியாகவும் கல் பொன்னாகவும் ஆகியிருக்கலாமே? இதற்கு அவர் இரண்டு வழிகளில் விடை சொல்கிறார். முதல் வழி, எல்லாவற்றையும் இறைவனே நேரடியாகப் படைக்கிறான் என்னும் அஷ்அரி இறையியலின் பழைய பாதை. புத்தகம் சிறுவனாவது நடக்கக்கூடியதே. ஆனால் நடக்காது என்ற அறிவையும் இறைவனே நமக்குள் படைத்திருக்கிறான், ஒரே ஒழுங்கு திரும்பத் திரும்ப நிகழ்வதால் அந்த அறிவு நம் மனத்தில் அசையாமல் வேரூன்றிவிடுகிறது என்பது அதன் போக்கு. இரண்டாவது வழி நம்மை வியக்கவைப்பது. சரி, நெருப்புக்கு எரிக்கும் இயல்பு உண்டு என்றே ஏற்றுக்கொள்வோம் என்கிறார். அப்போதும் நெருப்பின் ஒரு குணத்தையோ உடலின் ஒரு குணத்தையோ இறைவன் மாற்றியிருக்க முடியும். மேனியெங்கும் அப்பிரகத்தைப் பூசிக்கொண்டு எரியும் அடுப்பில் உட்காருபவனுக்குச் சூடு படாததை நாமே கேட்டிருக்கிறோமே என்கிறார். காரண காரியத்தை முற்றாக மறுத்தவர் சொல்லும் விடையா இது? இரண்டு வழிகளில் எது அவருடைய சொந்தக் கருத்து என்பதில்தான் இன்றைய ஆய்வாளர்கள் பிரிந்து நிற்கிறார்கள். மைக்கேல் மர்முரா அவரை அஷ்அரியராகவே காண்கிறார். ரிச்சர்ட் ஃப்ராங்க் அவரை, அவர் மறுத்த தத்துவ ஞானிகளுள் முதன்மையானவரான இப்னு சீனாவுக்கு மிக அருகில் கொண்டுபோய் நிறுத்துகிறார். அவர் வேண்டுமென்றே இரண்டு கதவுகளையும் திறந்து வைத்தார் என்றே நான் நினைக்கிறேன். அற்புதம் நடக்க முடியும் என்பதை நிறுவ அவருக்கு ஏதாவது ஒன்று போதும்.

மருந்தையும் விதையையும் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு விடை கஸ்ஸாலியின் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில், இறைவனிடம் பொறுப்பை ஒப்படைப்பதைப் பேசும் பகுதியில் இருக்கிறது. பசித்தவன் முன்னால் உணவு இருக்கும்போது, கையை நீட்டுவது நம்பிக்கைக் குறைவு என்று எண்ணி, இறைவன் தன் வயிற்றில் நிறைவைப் படைப்பான் என்றோ ரொட்டி தானாக நகர்ந்து வாய்க்கு வரும் என்றோ காத்திருந்தால், அது பக்தியல்ல, பைத்தியம் என்கிறார். விதைக்காமல் விளைச்சலை எதிர்பார்ப்பவனையும் அதே வரிசையில் வைக்கிறார். இறைவனின் வழமை மாறாதது. அந்த வழமையை அறியாதவனே அப்படிக் காத்திருப்பான் என்பது அவர் துணிபு. அதே இஹ்யாவின் முதல் பகுதியான கல்வி நூலில், ஊரில் மருத்துவம் பார்க்க முஸ்லிம்களே இல்லாமல் மற்ற சமயத்தவர் மட்டும் இருக்கும் நிலையிலும், எல்லோரும் சட்ட நுணுக்கம் படிக்கவே ஓடுகிறார்கள் என்று கடிந்துகொள்கிறார். மருத்துவமும் கணக்கும் அவருக்கு ஃபர்ளு கிஃபாயா, அதாவது சிலராவது செய்தே தீர வேண்டிய, எவருமே செய்யாவிட்டால் ஊர் முழுவதும் குற்றத்துக்கு உள்ளாகும் கடமை.

தஹாஃபுத்தின் முன்னுரையிலேயே இன்னொரு செய்தியும் உண்டு. சந்திர கிரகணம் என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவே பூமி வருவதால் ஏற்படுவது என்ற வானியலாரின் விளக்கத்தை மார்க்கத்தின் பெயரால் எதிர்ப்பவர்கள் மார்க்கத்துக்கே ஊறு செய்கிறார்கள், அது கணக்கினால் நிறுவப்பட்ட செய்தி என்று எழுதுகிறார்.

பதில்
எழுதியவர்: குர்துபா வாசகன்

மேலே எழுதியவர் கஸ்ஸாலிக்கு நியாயம் செய்திருக்கிறார். ஆனால் இப்னு ருஷ்தின் பக்கம் நின்று இரண்டு செய்திகளைச் சொல்லாமல் இந்த இழையை முடிக்கக் கூடாது.

இப்னு ருஷ்து 1126இல் ஸ்பெயினின் குர்துபாவில் (கோர்டோபா), நீதிபதிகளின் குடும்பத்தில் பிறந்தவர். பாட்டனாரும் அதே பெயர் கொண்ட புகழ்பெற்ற சட்ட அறிஞர். பேரனான இப்னு ருஷ்தும் செவில்லிலும் குர்துபாவிலும் காஜியாக இருந்தவர்; ‘பிதாயத்துல் முஜ்தஹித்’ என்ற அவருடைய ஒப்பீட்டுச் சட்ட நூல் இன்றும் மத்ரசாக்களில் புரட்டப்படுகிறது. அவரை மார்க்கத்துக்கு வெளியே நின்ற ஒரு பகுத்தறிவாளராகக் காட்டும் வழக்கம் இப்போது பெருகிவிட்டதால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. கஸ்ஸாலி மறைந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, ‘தஹாஃபுத் அல்-தஹாஃபுத்’ என்ற நூலில், முன்னவரின் வாதங்களைப் பத்தி பத்தியாக எடுத்து வைத்து மறுத்தார்.

பதினேழாவது விவாதத்துக்கு அவர் தரும் மறுப்பின் முதல் வீச்சு எல்லோருக்கும் தெரிந்தது: அறிவு என்பதே பொருள்களை அவற்றின் காரணங்களோடு அறிவதுதான், காரணங்களை நீக்குபவர் அறிவையே நீக்குகிறார். நெருப்புக்குத் தனக்கே உரிய செயல் ஒன்றுமில்லையென்றால், அதை நெருப்பு என்ற பெயரால் மற்றவற்றிலிருந்து பிரித்து அழைக்கக்கூட நமக்கு உரிமையில்லை.

இரண்டாவது வீச்சுதான் கூர்மையானது. என் கருத்தில் கஸ்ஸாலியின் தரப்பு அதற்கு நேரான விடை தந்ததில்லை. ‘வழமை’ என்கிறீர்களே, அது யாருடைய வழமை என்று கேட்கிறார். இறைவனுடையதா? பழக்கம் என்பது ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்து பெறுவது. எதையும் புதிதாகப் பெறாத இறைவனுக்கு அதைச் சொல்வது தகாது. பொருள்களுடையதா? உயிரில்லாத பொருளுக்கு வழமை என்று நீங்கள் சொல்வதும் இயல்பு என்று நாங்கள் சொல்வதும் ஒன்றுதான். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். அல்லது அது நாம் பொருள்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் வழமையா? அதற்குத்தான் அறிவு என்று பெயர். இந்த மூன்று கேள்விகளையும் படித்த பிறகு, ‘வழமை’ என்ற சொல்லைப் பழைய நிம்மதியோடு பயன்படுத்த என்னால் முடியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். தஹாஃபுத்தின் கடைசிப் பக்கத்தில் கஸ்ஸாலி வெறும் வாதத்தோடு நிற்கவில்லை. உலகம் தொடக்கமற்றது, இறைவன் தனித்தனி நிகழ்வுகளைத் தனித்தனியாக அறிவதில்லை, மறுமையில் உடல்கள் எழுப்பப்பட மாட்டா என்ற மூன்று கொள்கைகளையும் கொண்டவர்கள் மார்க்கத்தை விட்டு வெளியேறியவர்கள் என்று தீர்ப்பே எழுதினார். சட்ட அறிஞர் ஒருவரின் கையிலிருந்து வரும் அத்தகைய தீர்ப்பின் பின்னே மரண தண்டனை நிற்கிறது. கிரகணத்தைப் பற்றிய அவருடைய பரந்த மனத்தைப் புகழ்பவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே வாசிக்கவேண்டும். இப்னு ருஷ்து ‘ஃபஸ்லுல் மகால்’ என்ற சிறிய நூலில் இதற்குச் சட்டத்தின் மொழியிலேயே விடை சொன்னார்: இத்தகைய நுண்ணிய கோட்பாடுகளில் அறிஞர்களின் ஒருமித்த முடிவு எது என்று உறுதியாக நிறுவவே முடியாதபோது, அதை மீறினார் என்று எவரையும் தள்ளிவைக்க முடியாது.

கேட்டவர்
எழுதியவர்: வினாத்தேடி

இருவருக்கும் நன்றி. அந்தக் கடைசிப் பக்கத்தைப் பற்றி எங்கள் கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. அப்படியானால் நண்பரின் இரண்டாவது கூற்று இன்னும் உயிரோடுதான் இருக்கிறது: அந்தத் தீர்ப்புக்கு அஞ்சித்தான் தத்துவம் அடங்கிப்போனதா? இப்னு ருஷ்தே நாடு கடத்தப்பட்டார் என்று படித்திருக்கிறேன். அது கஸ்ஸாலியின் செல்வாக்கினால்தானா?

பதில்
எழுதியவர்: ஓதியவன்

இளமையில் சில ஆண்டுகள் அரபுக் கல்லூரியில் ஓதியவன் என்ற முறையில் எழுதுகிறேன். எங்களுக்கு இலக்கணம் முடிந்த கையோடு கையில் கொடுக்கப்பட்ட நூல் ‘ஈஸாகூஜி’. அந்தப் பெயர் அரபுச் சொல்லே அல்ல, கிரேக்கம் என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஏதோ ஒரு பெரியாரின் பெயர் என்று நினைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தோம். எழுதியவர் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அஸீருத்தீன் அப்ஹரி. அரிஸ்டாட்டிலின் தர்க்கத்துக்கு வாசல்படியாக அமைந்த அந்தச் சிறு நூல், தத்துவத்தைக் கொன்றதாகச் சொல்லப்படுபவரை இமாம் என்று போற்றும் கூடங்களிலேயே தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வருகிறது. அதற்கு வழி திறந்தவர்களுள் முதன்மையானவர் கஸ்ஸாலிதான். தம் கடைசிக் காலத்தில் சட்டவியல் பற்றி எழுதிய ‘முஸ்தஸ்ஃபா’வைத் தர்க்கத்தோடுதான் தொடங்குகிறார்; இதை அறியாதவருடைய எந்தக் கல்வியையும் நம்புவதற்கில்லை என்று அங்கே எழுதுகிறார். பிற்காலத்தில் வரலாற்று அறிஞர் இப்னு கல்தூன், தர்க்கத்தைக் கலாமுக்குள் கொண்டுவந்த புதிய முறையின் முன்னோடி என்று அவரையே குறிப்பிடுகிறார். இதை எல்லோரும் விரும்பவில்லை என்பதும் உண்மை. 13ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸின் ஹதீஸ் அறிஞர் இப்னு ஸலாஹ், தர்க்கமே கூடாது என்று தீர்ப்பு எழுதினார். அத்தீர்ப்பு இருந்தும் பாடம் நிற்கவில்லை.

தர்க்கத்தில் அடுத்த படியாக நாங்கள் ஓதியது ‘ஷம்ஸிய்யா’ என்ற நூலின் உரை. அதன் ஆசிரியர் காத்திபி, 1259இல் கட்டத் தொடங்கிய, ஈரானிலுள்ள மராகா வானாய்வுக்கூடத்தில் வானியல் அறிஞர் நஸீருத்தீன் தூஸியோடு பணியாற்றியவர். கஸ்ஸாலி இறந்து நூற்றைம்பது ஆண்டுகள் ஆகிவிட்ட காலம் அது. இன்னும் ஒரு நூறாண்டு கழித்து, டமாஸ்கஸின் உமையா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணித்துக்கொண்டிருந்த இப்னு ஷாத்திர் சந்திரனின் இயக்கத்துக்கு அமைத்த வடிவக் கணக்கும், பின்னாளில் கோப்பர்னிக்கஸ் தந்ததும் ஒன்றாகவே இருக்கின்றன. நுரையீரல் வழியாக இரத்தம் சுற்றிவருவதை எழுதிய இப்னு நஃபீஸ், கஸ்ஸாலியைப் போலவே ஷாஃபியீ சட்டப் பள்ளியைச் சேர்ந்தவர். 1095இல் எல்லாம் முடிந்தது என்றால் இவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

உண்மையில் நடந்தது, என் வாசிப்பில், அடங்கிப்போதல் அன்று, இடம் மாறுதல். தத்துவத்துக்கு என்று தனியாக இருந்த வீடு கிழக்கில் மெல்ல மெல்ல இறையியல் நூல்களுக்குள் குடிபெயர்ந்தது. இப்னு சீனாவின் ‘இஷாராத்’துக்கு அஷ்அரி இமாமான ஃபக்ருத்தீன் ராஸி ஓர் உரை எழுதுகிறார், அந்த உரைக்கு மறுப்பாகத் தூஸி இன்னோர் உரை எழுதுகிறார், அதன்மேல் அடுத்த தலைமுறை எழுதுகிறது. உரைமேல் உரை என்றாலே பழசை அரைப்பது என்று இன்று நினைக்கிறோம். தொல்காப்பியத்துக்கும் திருக்குறளுக்கும் எழுந்த உரைகளைப் படித்த தமிழ் வாசகருக்கு, உரையின் நிழலில் எவ்வளவு சொந்தச் சிந்தனை நடக்கமுடியும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. 15ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டினோபிளைப் பிடித்த சுல்தான் இரண்டாம் மெஹ்மத், கஸ்ஸாலிக்கும் தத்துவ ஞானிகளுக்கும் இடையே நியாயம் தீர்த்து ஆளுக்கொரு நூல் எழுதித் தாருங்கள் என்று கோஜாசாதே, அலாவுத்தீன் தூஸி என்ற இரு அறிஞர்களைக் கேட்டார். இருவரும் எழுதினார்கள்; கோஜாசாதேயின் நூல் மேலானது என்று முடிவாயிற்று. இறந்துபோன ஒன்றைப் பற்றி அரசவையில் யாரும் போட்டி வைப்பதில்லை.

இப்னு ருஷ்தின் நாடுகடத்தலைப் பற்றி: 1195இல் அவர் குர்துபாவுக்கு அருகிலுள்ள லூசேனாவுக்கு அனுப்பப்பட்டதும் அவருடைய தத்துவ நூல்கள் எரிக்கப்பட்டதும் உண்மை. அதற்கு அந்த ஊரின் அரசியலும், வடக்கே காஸ்டீல் என்னும் கிறித்தவ அரசுடன் போரில் இருந்த, அப்போது அங்கே ஆண்ட முவஹ்ஹித் வம்ச ஆட்சியாளர் சட்ட அறிஞர்களின் ஆதரவை நாடியதும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. பின்னர் மன்னிக்கப்பட்டு மர்ராகிஷுக்கு அழைக்கப்பட்ட அவர், 1198இல் அங்கேயே இறந்தார். ஆனால் அதே குர்துபாவில் 1109இல், அதாவது கஸ்ஸாலி உயிரோடு இருந்தபோதே, எரிக்கப்பட்டது அவருடைய இஹ்யா என்பது நண்பருக்குத் தெரியுமா? முவஹ்ஹித்களுக்கு முன் ஆண்ட முராபித் வம்சத்தின் ஆட்சியில் அங்கிருந்த சட்ட அறிஞர்களைப் பொறுத்தவரை கஸ்ஸாலியே ஆபத்தான புதுமைக்காரர். அந்த ஊரின் அடுப்பில் இருவருடைய ஏடுகளும் எரிந்திருக்கின்றன.

ஒரே நூலால் எல்லாம் அழிந்தது என்ற கதை பெரிதும் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியரின் எழுத்துகளில் வளர்ந்தது. இப்னு ருஷ்தைப் பற்றி 1852இல் நூல் எழுதிய பிரெஞ்சு அறிஞர் எர்னெஸ்ட் ரெனான், 1883இல் பாரிஸ் சொர்போனில் இஸ்லாமும் அறிவியலும் பற்றி ஆற்றிய உரையில், இஸ்லாம் அறிவியலுக்குப் பகை என்று பேசினார். அப்போது பாரிஸில் இருந்த முஸ்லிம் சிந்தனையாளர் ஜமாலுத்தீன் ஆஃப்கானி அதற்கு அவ்வாண்டே விடை எழுதினார். மங்கிப்போனது எதுவுமில்லை என்று நான் சொல்லவரவில்லை. மங்கியதற்குக் காரணம் தேடுபவர்கள் போர்களையும், கல்விக்கூடங்களுக்கு வந்த வருவாயையும், அரசுகளின் தேவைகளையும் பார்க்கவேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

பதில்
எழுதியவர்: ஏட்டடுக்கு

‘ஓதியவன்’ அவர்கள் ஐரோப்பாவைத் தொட்டதால் ஒரு சிறு சேர்க்கை. தத்துவ ஞானிகளை மறுப்பதற்கு முன், அவர்கள் சொல்வது இன்னது என்று காட்ட, கஸ்ஸாலி ‘மகாஸித் அல்-ஃபலாஸிஃபா’ என்ற நூலில் அவர்களுடைய கொள்கைகளைத் தெளிவாகத் தொகுத்திருந்தார். 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேதோவில் அதை லத்தீனில் பெயர்த்தார்கள். இது மறுப்பதற்காகத் தொகுத்தது என்று அவர் சொல்லியிருந்த முன்னுரை லத்தீன் படிகள் பெரும்பாலானவற்றில் இடம்பெறவில்லை. அதனால் ஆல்பர்ட்டுஸ் மாக்னுஸ் போன்ற லத்தீன் அறிஞர்கள், ‘அல்கஸேல்’ (கஸ்ஸாலியின் லத்தீன் பெயர்) என்பவர் இப்னு சீனாவின் வழி நடந்த ஒரு தத்துவ ஞானி என்றே எண்ணி, அவர் மறுத்த கொள்கைகளையே அவர் பெயரால் மேற்கோள் காட்டினார்கள். அவருடைய பஞ்சும் நெருப்பும் லத்தீனுக்குச் சென்றது 1328இல். அதுவும் இப்னு ருஷ்தின் மறுப்பு நூல் பெயர்க்கப்பட்டபோது, அதற்குள் மேற்கோளாக இருந்துதான்.